சைலம்பார்

ஜூன் 3, செவ்வாய்

கிரைண்டர் பாதி மாவில் நின்றுவிட்டது. மீதியை மிக்சியில் அரைத்ததில் இட்லி கல்லாக வந்தது. என் வீட்டுக்காரர் இரண்டை மட்டும் தின்றுவிட்டு, "உங்க சார் புது வேலை குடுத்துட்டாரா? இட்லியிலயே தெரியுதே" என்றார்.

கொடுத்துவிட்டார். கூத்தன்முனை அணுமின் நிலையத்தில் இன்னும் இரண்டு உலைகள் கட்டப் போகிறார்கள். அதற்கு முன்னால் சுற்றுச்சூழல் ஆய்வு நடத்த வேண்டும். அந்த வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது. நான்தான் ஒருங்கிணைப்பாளர். பதினொரு வருஷமாக ஆய்வகத்தில் மீன் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தவளுக்கு இது பெரிய பதவி.

நிறுவனம் சிவசைலம் சாருடைய மருமகன் பெயரில் இருக்கிறது. அவர் பெங்களூரில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போடுவார். மற்ற எல்லாம் சார்தான். ஆனால் சாருடைய விசிட்டிங் கார்டில் 'ஆலோசகர்' என்று மட்டும்தான் இருக்கும். "நமக்கு எதுக்கும்மா பெரிய பலகை" என்பார். அடக்கமான மனிதர்.

என் அப்பா இறந்த வருஷம் நான் ஆராய்ச்சிப் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். சங்கரன்கோவிலுக்கே பஸ் ஏறி வந்து, அம்மாவிடம் பேசி, என்னைத் திரும்பக் கூட்டிப் போனவர் என் வழிகாட்டியாக இருந்த சார்தான். அதை மறந்தால் நான் சோறு தின்னக் கூடாது.

ஜூன் 11, புதன்

முதல் நாள் களப்பணி. கூத்தன்முனையில் காஸ்பர் என்பவரின் பைபர் படகை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயாத ஆள். அவர் மனைவி பிரகாசி மீன் விற்கிறார். எனக்கு ஒரு சொம்பு நீராகாரம் கொடுத்து, "தலையில துணி கெட்டிக்கிடுங்க மேடம், உப்புக்காத்து முடியத் தின்னுரும்" என்றார்.

சார் ஊருக்குள் வரவில்லை. நிலையத்தின் விருந்தினர் விடுதியிலேயே இருந்துகொண்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம். போன மாதம் ராமேஸ்வரம் பக்கம் நாள் முழுக்கப் படகில் நின்றவர்தான். வயசாகிறது, பாவம்.

தலையைச் சீயக்காய் போட்டு இரண்டு தரம் அலசியும் மீன் வாடை போகவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்று மீன்பிடி இடங்களைக் குறித்தோம். கடலுக்கடியில் பாறைத்திட்டு இருக்கும் இடத்தைப் 'பார்' என்கிறார்கள். அங்கேதான் மீன் கூடும். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர். முதலில் கண்டவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொள்ளும். பிறகு வேறு யாராவது அங்கே ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு பாடு அடித்துவிட்டால், பழைய பெயர் உதிர்ந்து அவர் பெயர் வந்துவிடும். பாடு என்றால் கிடைக்கிற மீன். சந்தியா பாருக்கு அப்படி இதுவரை மூன்று பெயர் மாறியிருக்கிறதாம். பஞ்சாயத்து இல்லை, தீர்மானம் இல்லை. மீன்தான் தீர்ப்புச் சொல்கிறது.

சந்தியா பார், ரெட்டைக்கல், லூக்காஸ் பார், மொட்டையன் பார், கோயில்நேர். ஆறாவது இடம் கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். "இது சைலம்பாரு" என்றார் காஸ்பர் அண்ணன்.

சைலம் என்றால் மலை. ஏதோ சாமி பெயராக இருக்கும் என்று எழுதிக்கொண்டேன். அதற்குள் அவர் கதையை ஆரம்பித்துவிட்டார். முதல் உலை கட்டுவதற்கு முன்னால் ஒரு சார் தண்ணீரின் சூட்டை அளக்க வந்தாராம். இவர் படகில்தான். கருவியோடு இறக்கிய கயிறு அடியில் சிக்கிக்கொண்டதாம். இவர் முங்கிப் பார்த்தால், கீழே பாறையும் பாறை நிறையக் களவா மீனும். "அன்னைக்கு அந்த சாருக்கு ஒரு களவாயச் சுட்டுக் குடுத்தோம் மேடம். கை கழுவாம தின்னாவ. நல்ல மனுசன்."

அந்த சார் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. இஞ்சின் சத்தத்தில் பாதிக் கதை காதில் விழவே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

சைலம்பாரில் தண்ணீர் முப்பத்தொரு டிகிரி. சந்தியா பாரில் இருபத்தெட்டு. கருவி பழுதோ என்று மாற்றுக் கருவியை இறக்கிப் பார்த்தேன். அதுவும் முப்பத்தொன்றுதான்.

காஸ்பர் அண்ணன் தூண்டில் போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கடிக்கவில்லை. "இப்ப யாரும் இங்க வரது இல்ல. வழியில கெடக்கதால பேரச் சொல்லுதோம், அம்புட்டுதான்" என்றார். பிறகு, "அந்த சார் சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாவ மேடம். நெலயத்துலருந்து விடுத சுடுதண்ணி அர கிலோமீட்டர் கூடத் தாண்டாது, உங்க பாருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. அவுக பொய் சொல்லுத ஆளு இல்ல. கடலு எதோ மாறிட்டு."

முப்பத்தொன்றை இரண்டு தரம் எழுதி இரண்டு தரம் அடித்தேன். அலை அதிகம்.

ஜூலை 9, புதன்

கிரைண்டர் கடைக்காரன் போனை எடுக்கவில்லை. கடை மாவு புளித்துக் கிடக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

வரைவு அறிக்கையை சார் படித்துவிட்டார். அவர் படிக்கிற அழகே தனி. பச்சை மையில், கமா வரைக்கும் திருத்துவார். எனக்கு ஆங்கிலம் எழுதச் சொல்லிக்கொடுத்ததே அந்தப் பச்சை மைதான்.

ஆறாவது இடத்தை முழுதாக அடித்திருந்தார்.

"அது ரெண்டு கிலோமீட்டர் எட்ட இருக்கும்மா. நம்ம எல்லைக்குள்ள வராது."

"அங்கதான் சார் மூணு டிகிரி கூட இருக்கு."

"கடல்ல சூடு கூடுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. மீன் குறையறதுக்கு ரெண்டாயிரம். ஒரு எடத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பழைய ஆய்வுல அர கிலோமீட்டர்னு கணக்குப் போட்டிருக்காங்க. அது நல்ல கணக்கு."

"பழைய ஆய்வு யார் சார் பண்ணினது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏதோ ஒரு கம்பெனி. அதை எப்பவோ மூடிட்டாங்க" என்றார். பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

வீட்டில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுக்காரர் தினத்தந்தியை மடித்து வைத்துவிட்டு, "தன் பரீட்சைத் தாளத் தானே திருத்துனா நூத்துக்கு நூறுதான் வரும்" என்றார். எதற்கு அப்படிச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுப்பதே இவருக்கு வழக்கம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இப்போது புது விதி வந்திருக்கிறது. ஆய்வு செய்யும் நிறுவனம், தன் ஆட்கள் யாராவது அதே நிலையத்தின் முந்தைய ஆய்விலோ கட்டுமானத்திலோ வேலை பார்த்தவர்களா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மக்கள் முன்னிலையில் கூட்டம் நடக்கும்போது அதை வாசிக்கவும் வேண்டும். நல்ல விதிதான்.

வாசகத்தை சார் ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தார். 'இந்தக் குழுவைச் சேர்ந்த எவரும் இந்நிலையத்தின் முந்தைய சுற்றுச்சூழல் ஆய்வில் எவ்வகையிலும் பங்கேற்றவர் அல்லர்.' ஒருங்கிணைப்பாளர் கையெழுத்திட வேண்டும்.

பேனாவைத் திறந்துகொண்டே, "எல்லாரையும் பத்தித்தானே சார்?" என்றேன்.

"குழுவப் பத்தி. நான் குழுவுல இல்லையேம்மா. நான் ஆலோசகர்."

சட்டப்படி சரிதான். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் சாய்ந்து இருக்கும். இன்று நிமிர்ந்து நின்றது.

ஆகஸ்ட் 6, புதன்

தூக்கம் இல்லை. கொசு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முழு அறிக்கை ஆங்கிலத்தில் நானூற்றுச் சொச்சம் பக்கம். அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதி ஊர்ப் பஞ்சாயத்திலும் நூலகத்திலும் வைக்க வேண்டும் என்பது விதி. எந்த ஆய்விலும் இது கடைசி நேரத்து வேலை. யாராவது டைப்பிஸ்ட் தலையில் கட்டுவார்கள். எந்த அதிகாரியும் அதைப் பிரித்ததாகச் சரித்திரம் இல்லை.

"தமிழ்ச் சுருக்கம் நான் எழுதட்டுமா சார்? ஒருவாட்டி பாத்துடறீங்களா?"

"அத நீயே பாத்துக்கோம்மா" என்றார். பச்சைப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். அவர் தமிழில் ஒரு பத்தி படித்து நான் பார்த்ததில்லை.

வரைபடம் ஒன்று வேண்டும். ஆங்கில அறிக்கையின் படத்தில் இடங்களுக்கு வெறும் எண்கள்தான் இருக்கின்றன, ஒன்று முதல் ஐந்து வரை. ஊர்க்காரர்களுக்கு எண்ணால் என்ன புரியும்? ஜூன் மாதம் படகில் உட்கார்ந்து நான் வரைந்த படம் கையில் இருந்தது. பெயர்களோடு இருந்தது. அதையே சேர்த்துவிட்டேன். உள்ளூர்ப் பெயர்களை மாற்றாமல் பதிய வேண்டும் என்பது களப்பணியின் பாலபாடம். அதைச் சொல்லிக்கொடுத்தவரும் சார்தான்.

எல்லாப் பெயரையும் எழுத்துப் பிழை பார்த்தேன். நான்கு முறை.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிரைண்டர் வந்துவிட்டது. பெல்ட் மாற்றியிருக்கிறானாம். கொஞ்சம் கத்துகிறது.

கூட்டம் அடுத்த செவ்வாய். சார் வருவதாக இல்லை. ஆனால் முடிவுரையை எழுதியவர் நேரில் வந்து விளக்க வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். காகிதத்தில் அது மருமகன் எழுதியது; அவருக்குத் திடீரென்று காய்ச்சல்.

"சார், நீங்க வர வேண்டாமே. நான் சமாளிச்சுக்கிடுதேன்" என்றேன். இரண்டு முறை சொன்னேன்.

"அது நல்லா இருக்காதும்மா. அவ்வளவு வருஷத்துக்கு முன்னால" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பாதி வாக்கியத்தில் அவர் நிறுத்தி நான் பார்த்தது இன்றுதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும்.

கூத்தன்முனை பள்ளி மைதானத்தில் பந்தல். ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மேடையில் ஆட்சியர், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி, நிலையத்து ஆட்கள், ஓரத்தில் நாங்கள். சார் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டு வந்திருந்தார். மறைந்து வாழும் சினிமா நடிகர் மாதிரி இருந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

முதலில் அந்த வாசகத்தை மைக்கில் நான்தான் வாசித்தேன். 'எவரும் எவ்வகையிலும் பங்கேற்றவர் அல்லர்.' என் குரல் ஒலிபெருக்கியில் சுற்றித் திரும்பி என்னிடமே வந்தது.

மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பிரகாசி எழுந்தார். கையில் தமிழ்ச் சுருக்கம்.

"ஐயா, எல்லாருக்கும் வணக்கம். இந்தப் படத்துல எங்க பாரு பேரெல்லாம் போட்டுருக்காவ. சந்தோசம். யாரும் இப்படிப் போட்டது இல்ல. சந்தியா பாரு, ரெட்டக்கல்லு எல்லாத்துக்கும் எம்புட்டு சூடு, எம்புட்டு மீனுன்னு உள்ள எழுதியிருக்கு. சைலம்பாருக்கு மட்டும் படத்துல பேரு இருக்கு, உள்ள ஒண்ணையும் காணல. ஏன் விட்டிய?"

ஆட்சியர் பக்கத்தைப் புரட்டினார். சின்ன வயசுப் பெண், தணிந்த குரல். "சைலம்பார்ங்கறது என்ன இடம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

மைக் என் கையில்தான் இருந்தது. அதை மேசையில் வைத்தேன்.

பந்தலின் நடுவிலிருந்து காஸ்பர் அண்ணன் எழுந்துவிட்டார். முகமெல்லாம் பல். "அம்மா, அது நம்ம சார் பேரும்மா! அன்னா தொப்பி போட்டு உக்காந்திருக்காவள்ளா, அவுகதான், சிவசைலம் சாரு. மொத மொத நெலயம் கெட்டயில அளக்க வந்தாவ. எம் படகுலதான் கூட்டிட்டுப் போனேன். அவுக கயிறு சிக்கித்தான் அந்தப் பாரே எங்களுக்குத் தெரியும். வந்ததுலருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், அவுகதானா இல்லையான்னு. சார், தொப்பியக் கழத்துங்க சார், ஊரு பாக்கட்டும்!"

கைதட்டினார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உண்மையான சந்தோஷத்தோடு தட்டினார்கள். சார் தொப்பியைக் கழற்றினார். கண்ணாடியையும் கழற்றினார். எழுந்து நின்று ஊரைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஆட்சியர் கைதட்டல் அடங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு என் வாசகத்தை எடுத்து, ஒவ்வொரு சொல்லாக, மறுபடியும் மைக்கில் வாசித்தார். "சார், இவர் சொல்றது சரிதானா?"

"சரிதான்" என்றார் சார். யோசிக்கவே இல்லை.

பந்தல் முழுக்க ஒரே சலசலப்பு. அதற்கு நடுவே பிரகாசியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "அப்ப, சூடு இங்க வராதுன்னு அன்னைக்குச் சொன்னவுகளும் நீங்கதான், வரலன்னு இன்னைக்குச் சொல்லுதவுகளும் நீங்கதானா?"

காஸ்பர் அண்ணன் நின்றது நின்றபடி பக்கத்தில் இருந்தவரிடம், "நா என்னடே தப்பாச் சொல்லிட்டேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 17, புதன்

நேற்றுக் காரில் திரும்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது சார், "பத்திரமாப் போம்மா" என்றார். காரிலிருந்து வாசலுக்குப் பத்தடி.

செப்டம்பர் 30, செவ்வாய்

அறிக்கையை ரத்து செய்துவிட்டார்கள். எங்கள் நிறுவனத்தின் அங்கீகாரமும் போயிற்று. பொய்யான வாசகத்தில் கையெழுத்துப் போட்டதற்கு விளக்கம் கேட்டு எனக்குத் தனியாக ஓலை வந்திருக்கிறது. தெரியாது என்று எழுதினால் முட்டாள். தெரியும் என்று எழுதினால் குற்றவாளி. வீட்டுக்காரர் முதலாவதையே எழுதச் சொல்கிறார். அதற்கு நிறையச் சாட்சி இருக்கிறதாம்.

உலைகள் நின்றுவிடவில்லை. வேறு நிறுவனம் புதிதாக ஆய்வு செய்யும். அவர்கள் யார், இதற்கு முன் யாரிடம் வேலை பார்த்தவர்கள் என்பதை இந்த முறை முதல் பக்கத்திலேயே பெயர் பெயராகப் போட வேண்டும் என்று ஆட்சியர் எழுதியிருக்கிறார். ஆறு பார்களையும் அளக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சார் வீட்டுக்கு வந்தார். இளைத்திருக்கிறார், சட்டை தோளில் நிற்கவில்லை. காபியை ஆறவிட்டுக் குடித்தார். பையிலிருந்து தமிழ்ச் சுருக்கத்தை எடுத்தார். ஒரு பக்கத்திலும் பச்சை மை இல்லை.

"இப்பத்தான் படிச்சேன். நல்லா எழுதியிருக்க. எனக்கே சில எடம் இப்பதான் புரிஞ்சது."

நான் காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன், கோமதி. அந்தப் பேரு, நீ பாக்காம விட்டதா? பாத்தே விட்டதா?"

"பாக்காமதான் சார்" என்றேன்.

சுருக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்படியே இருக்கட்டும்" என்றார். அந்த மூன்று மாதமும் அவரிடம் என்னால் கேட்க முடியாததை நான் அப்போது கேட்டேன். "தெரிஞ்சிருந்தும் ஏன் சார் இந்த வேலைய எடுத்தீங்க?"

"என் கணக்கு சரின்னு நெனச்சேம்மா. சத்தியமா நெனச்சேன். வேற யாராவது வந்து தப்புன்னு சொல்லிடுவாங்களோன்னு மட்டும் பயந்தேன். ரெண்டும் ஒரே மனசுலதான் இருந்துச்சு." வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். "அந்த எடத்துல இப்ப என்ன கெடைக்குது?"

இத்தனை மாதத்தில் அவர் அதைக் கேட்டது இதுவே முதல் முறை.

"ஒண்ணும் இல்ல சார்."

தலையை ஆட்டினார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த காஸ்பர்கிட்ட சொல்லி, பேர மாத்தச் சொல்லுவியாம்மா? பழைய பேரு ஏதாவது இருக்கும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்தேன். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். செய்ததற்காக அழவில்லை. இன்னொரு தரம் செய்யச் சொன்னாலும் அதையேதான் செய்வேன் என்று தெரிந்து அழுதேன். எதைச் செய்தேன் என்று கேட்டால், எழுத்துப் பிழை பார்த்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 21, செவ்வாய்

கூத்தன்முனைக்குப் பஸ்ஸில் போனேன். இப்போது கார் கிடையாது. பிரகாசி வழக்கம்போல நீராகாரம் கொடுத்தார். காஸ்பர் அண்ணன் வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பேசியதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியது யார் என்று எனக்குத் தெரியும்.

சார் சொன்னதைச் சொன்னேன். பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. நிஜமாகவே யோசித்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி யோசித்தார். சாருக்காக எதையாவது செய்துவிட வேண்டும் என்று அவருக்கு இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"எனக்கு ஆசதான் மேடம். ஆனா அது நம்ம கையில இல்ல. பேரு மாறணும்னா எவனாவது அங்க ஒரு பெரிய பாடு அடிக்கணும். மீனு இல்லாத பாருக்கு எவன் புதுப்பேரு வப்பான்?" ஈயக்குண்டை மறுபடி எடுத்தார். "அது இனி சைலம்பாருதான்."

திரும்பும்போது பஸ் ஜன்னலில் கடல் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு காற்றாலைகள், பனைகள்.

சாருக்கு இன்னும் போன் செய்யவில்லை.